சீமைக்குப் போன சட்டாம்பிள்ளை

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நினைத்தாலே நமக்குச் சிரிப்பு வருகிறது. வாத்தியார் வெற்றிலை போடும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிற பெரிய பிள்ளை அவன். அவன் ஒரு காலத்தில் சீமைக்கே போனான் என்றால் நம்புவீர்களா?

1789-ல் சென்னை எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றுக்கொண்டார். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவது அவர் கண்ணில் பட்டது. தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உபாத்தியாயர் மனம் வைக்கவில்லை. பெல் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் ஜெயித்தான்! 1797-ல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' எங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

மலிவான முறைதான். ஆனால் சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததை ஒப்பிக்க வைத்தானே தவிர, 'இந்த இடத்தில் தவறினாய்' என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. போதனை ஒரு தொழில், அதையும் கற்க வேண்டும் என்று 1856-ல் சென்னையில் அரசாங்கம் நார்மல் பள்ளி தொடங்கியது. அதுவே பிற்பாடு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று.

கொடுமுடியில் நான் ஏழாவது படித்தபோது ஒரு பயிற்சி ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர். கேள்வி கேட்பார், நாங்கள் மூச்சு விடுவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். கடைசி நாள் வரை அப்படித்தான். அவர் பழகினார், பழகியது பிழையைத்தான்!

1963-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் இதற்கு மருந்து கண்டார்கள். நம் கல்லூரிகளில் 'நுண்நிலைக் கற்பித்தல்' என்ற பெயரில் அது நடக்கிறது. சக மாணவர்களே பிள்ளைகளாக உட்காருவார்கள். கேள்வி கேட்பது போல ஒரே ஒரு திறமை. ஆறு நிமிஷப் பாடம். ஆறு நிமிஷம் குறைநிறை. பன்னிரண்டு நிமிஷம் திருத்தி எழுதுதல். மறுபடி ஆறு நிமிஷப் பாடம். மறுபடி ஆறு நிமிஷ விமர்சனம். ஆக முப்பத்தாறு நிமிஷம்.

நாடகம்தானே என்று சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. இருக்கட்டும். கற்றுக்கொடுக்கக் கற்பவன் பிழை செய்யாமல் தீராது. அதன் செலவு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கில் விழுவதைவிட, சக மாணவர்களின் முப்பத்தாறு நிமிஷத்தில் விழுவது நியாயமல்லவா?