எழுதுகருவி யாருடைய உடைமை?

பேனாவை விற்றவன், அதனால் எழுதப்பட்ட கதைக்கும் பூட்டுப் போடுவதில்லை. கணினியில் எழுதுவதற்கான மென்பொருள்களை விற்ற கம்பனிகளோ தத்தம் கோப்புகளின் அமைப்பை நெடுங்காலம் மறைத்தே வைத்தன. எழுத்தாளன் தன் சொந்தக் கையெழுத்துப் பிரதியைத் திறப்பதற்கும் அவர்களையே நாட வேண்டியிருந்தது.

இப்பூட்டு உடைந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும். ஜேர்மனியில் ஆக்கப்பட்ட ஸ்டார் ஆபிஸ் என்னும் மென்பொருளை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் யாவர்க்கும் திறந்துவிட்டது. முதலாளிக்குத் திடீரெனத் தரும சிந்தை பிறந்துவிடவில்லை. மைக்ரோசொப்டுடனான சந்தைப் போட்டியே காரணம். ஆயினும், ஒருமுறை கொடுத்த உரிமையை மீளப் பறிக்க அந்த உரிமப் பத்திரம் இடமளிக்கவில்லை. அதன் கோப்புவடிவிலிருந்து வளர்ந்த திறந்த ஆவணவடிவு 2006இல் சர்வதேச நியமமாயிற்று.

2010இல் சன் கம்பனியை ஒராக்கிள் விழுங்கியது. புதிய முதலாளியை நம்பாத ஆக்குநர் பலர் அவ்வாண்டு செப்டெம்பரிலேயே பிரிந்து, தமக்கென ஓர் அமைப்பை நிறுவி, லிப்ரே ஆபிஸைத் தொடக்கினர். ஓப்பன் ஆபிஸ் என்ற பெயர் கம்பனியிடமே தங்கிற்று. பல்லாண்டு உழைப்பின் விளைவான நிரலோ அவர்களுடனும் சென்றது. மறு ஆண்டிலேயே ஒராக்கிள் தன் பங்கை அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டது.

லிப்ரே ஆபிஸ் இன்று தமிழிலும் கிடைக்கிறது. அதனைத் தமிழாக்க எந்தக் கம்பனியின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.