விட்டுப் போனவரும் விட்டுப் போகாதவரும்

கொல்கத்தா கால்பந்தில் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. மோகன் பகான் க்ளப்புக்கு ஆடிய ஃபார்வர்டுகளில் பெரியவர் யார்? 1960களைப் பார்த்த பெரியவர்கள் யோசிக்காமல் சுனி கோஸ்வாமி என்பார்கள். 2000க்குப் பிறகு கிரவுண்டுக்குப் போக ஆரம்பித்தவர்கள், பிரேசிலில் இருந்து வந்த ஜோஸ் ரமிரெஸ் பரேட்டோ என்பார்கள். 2012 மே மாதம் பரேட்டோ பகானை விட்டுக் கிளம்பியபோது சூடு பிடித்த இந்த வாதம், 2020 ஏப்ரல் 30 அன்று சுனி கோஸ்வாமி காலமானபோது மறுபடி கிளம்பியது. இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை.

கட்சாலில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தா கால்பந்தைப் பற்றி எழுதுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தமான் நிக்கோபாரில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பிரிவினைக்குப் பிறகு, 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகளை அந்தமானில் குடியமர்த்தினார்கள். அதனால் அலுவலகம், கடை, கப்பல் என்று எங்கே போனாலும் ஒரு வங்காளி நண்பர் இருப்பார். அவர் இருக்கும் இடத்தில் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்ற கேள்வியும் இருக்கும். போதாக்குறைக்கு, நிக்கோபாரிகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். இங்கே கிரிக்கெட் பேசி மட்டும் பிழைக்க முடியாது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் படித்தது பி.காம். எதைக் கொடுத்தாலும் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் புத்தி. இந்த இரண்டு பேரையும் அப்படியே போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் சுனி. 1938 ஜனவரி 15ல் பிறந்தவர். எட்டு வயதில், 1946ல், மோகன் பகான் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1954ல் பெரியவர்கள் அணி. 1968ல் விலகும்வரை வேறு எந்த க்ளப்பின் சட்டையும் போட்டதில்லை. 1960 முதல் 1964 வரை ஐந்து சீசன் கேப்டன். பகான் தொடர்ந்து மூன்று வருடம் (1963, 64, 65) டுராண்ட் கோப்பையை ஜெயித்த காலம் அது.

நாட்டுக்கு ஆடியதும் சாதாரணம் இல்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குக் கேப்டன். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக இரண்டு கோல். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று தோற்கடித்துத் தங்கம். அதற்குப் பிறகு இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் கிடைக்கவே இல்லை. இது போதாது என்று கிரிக்கெட்டில் வங்காள அணிக்குக் கேப்டனாகி, 1971-72ல் ரஞ்சி இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். ஒரு மனிதனுக்கு இவ்வளவு திறமையைக் கொடுத்த கடவுள் மற்றவர்களை ஏன் மறந்தார் என்று தெரியவில்லை.

அடுத்து பரேட்டோ. 1976ல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் பிறந்தவர். 1999ல் கொல்கத்தா வந்தபோது வயது 23 இருக்கும். பாஷை தெரியாது, சாப்பாடு பிடிபடாது, ஜூன் ஜூலையில் முழங்கால் வரை சேறு. அந்த மைதானங்களில் முதல் சீசனிலேயே பகான் தேசிய லீக் சாம்பியன். 2001-02ல் மறுபடி சாம்பியன். நடுவில் 2000-01ல் லீகிலேயே அதிக கோல் அடித்தவர் பரேட்டோதான். ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர் ‘சபுஜ் தோதா’, அதாவது பச்சைக்கிளி. பகான் சட்டையில் பச்சையும் அரக்குச் சிவப்பும் இருக்கும்.

அப்புறம், 2004ல், கிளி பறந்துவிட்டது. பிறகு மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அணியில் சேர்ந்து 2005-06 தேசிய லீகை அவர்களோடு ஜெயித்தார். 2006ல் திரும்பி வந்தார். இன்னும் ஆறு வருடம் ஆடினார். 2012ல் கிளம்பும்போது பகானுக்காக அடித்த கோல்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. கடைசி ஆட்டம் சால்ட் லேக் மைதானத்தில், புனே எஃப்.சி.க்கு எதிராக.

இப்போது ஒப்பிடலாமா? இங்கேதான் சிக்கல்.

கோல் கணக்கை வைத்து ஒப்பிட்டால் சரியாக வராது. சுனி ஆடியது கொல்கத்தா லீக், ஷீல்டு, டுராண்ட், ரோவர்ஸ் காலம். நாடு தழுவிய லீக் என்பதே 1996ல்தான் வந்தது. கோப்பைக் கணக்கும் அதே கதை. 1962ல் ஒருவர் வாங்கிய நூறு ரூபாய் சம்பளத்தையும் 2012ல் ஒருவர் வாங்கிய சம்பளத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து யார் பணக்காரர் என்று எந்த வங்கிக்காரனும் சொல்ல மாட்டான். விலைவாசியைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆகவே வாதம் கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: விசுவாசம். “சுனிதா க்ளப்பை விட்டுப் போகவே இல்லை. பரேட்டோ காசுக்காகப் போனவர்தானே?” இதைச் சொல்லிவிட்டால் எதிராளி வாயடைத்துப் போவான். சுனியைத் தேடி இங்கிலாந்தின் டாட்டன்ஹாமில் இருந்து அழைப்பு வந்ததாகவும், போகவில்லை என்றும் ஒரு கதை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. ஈஸ்ட் பெங்கால் பக்கமிருந்தும் இழுத்துப் பார்த்தார்கள் என்பார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் ஒரு நெருடல். விசுவாசத்துக்கும் விலைவாசி உண்டு.

சுனி காலத்தில் இந்தியக் கால்பந்து பெயரளவில் அமெச்சூர். ஆட்டக்காரர்கள் ரயில்வேயில், வங்கியில், சுங்கத்துறையில் வேலை பார்த்துக்கொண்டு ஆடினார்கள். அவருடைய ஜோடி பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே ஊழியர். அந்த ரயில்வே அணிக்கே ஆடி 1958ல் கொல்கத்தா லீகையும் ஜெயித்தவர். மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். க்ளப்பை விட்டுப் போகாமல் இருப்பதற்கு மனசு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் போகாமல் இருந்தால் வீட்டில் உலை வைக்க முடியாது என்ற நிலை இல்லை.

பரேட்டோ காலம் வேறு. 1998ல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டிலும் பணம் போட்டது. பகான் ‘மெக்டவல் மோகன் பகான்’ ஆனது. ஆட்டம் என்பது வேலையாகிவிட்டது. வருட ஒப்பந்தம், விசா, வாடகை வீடு, ஊரில் குடும்பம். முழங்கால் போனால் அடுத்த வருட ஒப்பந்தம் கிடையாது, பென்ஷனும் கிடையாது. அதிலும் அயல்நாட்டு ஆட்டக்காரருக்கு என்ன ஆபத்து என்று 2004 டிசம்பர் 5 காட்டியது. பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம், பகானுக்கு எதிராக டெம்போ. டெம்போவின் பிரேசில் ஃபார்வர்ட் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டு கோலையும் அடித்தார். இரண்டாவது கோலின்போது கோல்கீப்பரோடு மோதிக் கீழே விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பிழைக்க வந்த ஊரில், வேலை செய்துகொண்டிருக்கும்போதே போன உயிர்.

அப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவர் நல்ல ஒப்பந்தம் வந்தால் போவார். போனதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்ததை எழுதாமல் விட்டால் அது கணக்கா? பரேட்டோ திரும்பி வந்த பிறகு பகான் 2006லும் 2008லும் ஃபெடரேஷன் கோப்பையை ஜெயித்தது. லீக் பட்டம் அந்த ஆறு வருடமும் வரவில்லை. அவர் போய் மூன்று வருடம் கழித்து, 2015ல்தான் வந்தது. அதுவரை அந்த க்ளப்பின் முகமாக இருந்தவர் அவர்தான். பகானை விட்ட பிறகும் கொல்கத்தாவை விடவில்லை. அதே ஊரின் பவானிபூர் க்ளப்புக்கு ஆடப் போனார்.

இன்னொரு விஷயமும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மோகன் பகான் 1889ல் பிறந்த க்ளப். 1911ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியது, வெள்ளைக்காரனை வங்காளி ஜெயித்த கதையாக இன்றும் கொண்டாடப்படுகிறது. அந்தப் பெருமையாலோ என்னவோ, நூறு வருடத்துக்கு மேல் வெளிநாட்டு ஆட்டக்காரரையே சேர்த்துக்கொள்ளவில்லை. 1991ல் நைஜீரியாவின் சீமா ஒகோரி வந்த பிறகுதான் கதவு திறந்தது. எட்டே வருடத்தில் ஒரு பிரேசில்காரர் வந்து அந்த க்ளப்பின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார்.

சரி, சுனியாவது மண்ணின் மைந்தரா? அவர் பிறந்தது கிஷோர்கஞ்சில். இன்றைக்கு அது பங்களாதேஷ். கிழக்கு வங்காளத்தாருக்கு ஈஸ்ட் பெங்கால், மேற்கு வங்காளத்தாருக்கு மோகன் பகான் என்று பிரித்துப் பேசும் ஊரில், பகானின் அசைக்க முடியாத தூண் கிழக்கில் பிறந்தவர்! ஆக, விட்டுப் போகாதவர் என்று நாம் சொல்லும் சுனியும் ஒரு வகையில் வந்தவர்தான். சிறுபிள்ளையாக வந்ததால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

இந்த வரிசையில் நம் ஆள் ஒருவரையும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. பி.கே., சுனி, பலராம் என்று மூன்று பேரைச் சேர்த்தே சொல்வது இந்தியக் கால்பந்து வழக்கம். அந்த துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் பக்கம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் இரண்டிலும் ஆடினார். 1957ல் கொல்கத்தாவுக்கு வந்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார், 1961ல் கேப்டன். நுரையீரல் நோயால் முப்பது வயதுக்கு முன்பே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஊருக்குத் திரும்பவில்லை. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் தங்கிவிட்டார். 2023 பிப்ரவரி 16ல் கொல்கத்தாவிலேயே காலமானார். சுனிக்கு 1983ல் பத்மஸ்ரீ, பி.கே.க்கு 1990ல் பத்மஸ்ரீ. பலராமுக்குக் கடைசிவரை இல்லை. வந்த ஊருக்கு வாழ்நாளையே கொடுத்தவரின் கணக்கில் வரவுப் பக்கம் இப்படி இருக்கிறது. விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள், ஆட்டக்காரன் க்ளப்புக்கும் ஊருக்கும் என்ன செய்தான் என்று கேட்கிறார்கள். ஊர் அவனுக்கு என்ன செய்தது என்று கேட்பவர் குறைவு.

இதைக் கட்சாலில் இருந்து எழுதும்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. இங்கே உள்ள தமிழர்களில் என்னைப் போல் மாற்றல் உத்தரவோடு வந்து, நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஒரு பக்கம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்தவர்களின் குடும்பங்கள் இன்னொரு பக்கம். 1964 அக்டோபர் 30ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு சில குடும்பங்களை 1970களில் கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. அதற்குப் பிறகும் இங்கேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டனுக்குப் பாட்டன் தமிழ்நாட்டை விட்டுப் போனார், தகப்பனார் இலங்கையை விட்டு அனுப்பப்பட்டார், பிள்ளைகள் தீவுக்காரர்கள். இவர்களில் யார் யாருக்கு விசுவாசமில்லாதவர்? கேள்வியே அபத்தமாக இருக்கிறது, இல்லையா?

துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. ஊர்த் திருவிழாவுக்குப் போனால் “நீங்கதான் போயிட்டீங்களே” என்று ஒரு வார்த்தை வந்து விழும். இருக்கும் ஊரில் “எப்போது திரும்பிப் போகிறீர்கள்?” என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் பற்றுதான் எழுதப்படுகிறது. வரவு எழுத யாரும் பேனாவைத் திறப்பதில்லை.

ஆகவே பஞ்சாயத்துக்கு என் தீர்ப்பு இது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றும் வித்தையில், நாட்டுக்குச் செய்த சேவையில், சுனி கோஸ்வாமிதான் பெரியவர். அதில் பேச்சில்லை. ஆனால் ‘விட்டுப் போகாதவர்’ என்பதற்காக அவரை மேலேயும், ‘விட்டுப் போனவர்’ என்பதற்காக பரேட்டோவைக் கீழேயும் வைக்க நான் ஒப்ப மாட்டேன். சுனிக்குப் பகான் வளர்ந்த வீடு. பரேட்டோவுக்கு அது வேலைக்கு வந்த இடம். வேலைக்கு வந்த இடத்தை ஒருவர் வீடாக்கிக்கொண்டது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வங்காளி நண்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உங்களில் ஈஸ்ட் பெங்கால்காரர்கள் இருந்தால், இரண்டு பேரும் வேண்டாம், பலராம்தான் என்பார்கள். அப்படிச் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.