சாங்க்
தூத்துக்குடிக் கடலில் குளியாளிகள் மூழ்கி எடுக்கும் சங்குக்கு (டர்பினெல்லா பைரம்) ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். வடமொழி ‘சங்க’ என்பதே இதன் வேர். தமிழில் அது ‘சங்கு’. போர்த்துகீசியர் ‘சாங்கோ’ என்றனர். 1563-இல் கோவாவில் அச்சான, போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் நூல், அது வங்காளத்துக்குப் போகும் சரக்கு என்று குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘சாங்க்’ ஆயிற்று.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே ஓர் உறவுச் சொல் உண்டு. கிரேக்கத்தின் ‘கோங்கே’ லத்தீனில் ‘கோங்கா’வாகி, ஆங்கிலத்தில் ‘காங்க்’ என நிலைத்தது. ‘கோங்கே’யும் ‘சங்க’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் கிளைகள் என்பது மொழியியலார் பலரின் கருத்து. ஒன்று மத்தியதரைக் கடல் வழியாகவும் மற்றொன்று நம் கரை வழியாகவும் ஒரே மொழிக்குள் போய்ச் சேர்ந்தது வியப்புக்குரியது.

தமிழில் வளை, கோடு, நந்து, பணிலம் என்ற பெயர்களும் உண்டு. அவற்றுள் ‘வளை’ சிறப்பானது: சங்குக்கும் அதை அறுத்துச் செய்த கைவளைக்கும் அதுவே பெயர். மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தோடு வளையையும் சேர்த்தே சொல்கிறது. தூத்துக்குடிச் சங்கை டாக்காவின் சங்காரிகள் என்னும் கைவினைஞர் பிறைவடிவ ரம்பத்தால் வளையங்களாக அறுத்தனர். மணமான வங்கப் பெண்கள் அணியும் ‘சாங்கா’ வளையின் பெயரிலும் ‘சங்க’ என்னும் அதே வேர்தான். கடலுயிரியலாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இச்சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார்.