அபர்வான் கரிக்கழிவுக் குன்று

சுரங்கத்தினின்று கரியோடு வெளிவரும் கல்லையும் மண்ணையும் குன்றாகக் குவிப்பர். அக்குன்று நிற்குமா, சரியுமா என்பதை அறிய உயரத்தை மட்டும் அளந்தாற் போதாது. அடியில் நீர் உண்டா என்பதே முதற்கேள்வி. வேல்சு நாட்டு அபர்வான் ஊரில் ஏழாம் குன்று 1958இல் ஊற்றுகளின்மீதே எழலாயிற்று. நிலப்படத்தில் அவ்வூற்றுகள் குறிக்கப்பட்டிருந்தன. படத்தைப் பார்ப்பார்தாம் இல்லை! பள்ளிக்குப் பின்னுள்ள அபாயம் பற்றி நகராட்சிப் பொறியாளர் 1963இல் எழுதினார். அவ்வாண்டே குன்று ஒருமுறை சரிந்தது. ஆயினும் குவிப்பது நிற்கவில்லை.

1966 அக்டோபர் 21 காலை, நீரூறிய கழிவு கூழாகிப் பாய்ந்தது. மாண்டோர் 144 பேர். அவருள் 116 பேர் குழந்தைகள், பெரும்பாலோர் பாண்ட்கிளாஸ் பள்ளி மாணவர். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின்மீதே பழி சுமத்தியது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, கழிவுக் குன்றுகளின் உறுதியைக் காத்தல் பிரிட்டனில் சட்டக் கடமையாயிற்று.