கூட்டணியும் கூட்டுறவும்: இந்திய – இஸ்ரேல் உறவில் ஸ்ரீஹரிகோட்டா

இரு மக்களாட்சி நாடுகள் பாதுகாப்புக் கருதி நெருங்குவதைக் ‘கூட்டணி’ எனச் சுட்டுதல் இன்று பெருவழக்காகும். ஒரு நாடு தாக்கப்படின் மற்றொன்று துணைவரக் கடமைப்படுதலே அச்சொல்லின் அரசியற் பொருள். இந்தியாவும் இஸ்ரேலும் அத்தகைய உடன்படிக்கை செய்துகொண்டதில்லை. 1950இல் இஸ்ரேலை ஏற்ற இந்தியா, முழுத் தூதரக உறவை 1992இல்தான் நிறுவியது. எனினும் இவற்றின் பாதுகாப்புறவு ஆழமானது. அதன் இயல்பை ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் வரலாறு தெளிவுறுத்தும்.

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட இத்தீவு முன்னர் நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. கிழக்கே திறந்த கடல் இருத்தல் இதன் சிறப்பு. புவி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், அத்திசையில் ஏவப்படும் ஏவூர்திக்கு அச்சுழற்சி துணைசெய்யும். இஸ்ரேலுக்கு இவ்வாய்ப்பு இல்லை. கிழக்கே அண்டை நாடுகள் இருத்தலின், அந்நாடு பல்மாகிம் தளத்திலிருந்து மத்தியதரைக் கடலின் மேலாக மேற்கு நோக்கியே ஏவுகிறது. சுழற்சிக்கு எதிராகச் செல்வதால் ஏற்றத்தக்க எடை குறைகிறது.

ஆகவே, இருளிலும் மேகத்தினூடும் நிலத்தைக் காணும் ரேடார் பொருந்திய ‘டெக்சார்’ என்னும் இஸ்ரேலியச் செயற்கைக்கோள், 2008 சனவரி 21இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி10 வாயிலாக ஏவப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 26இல் தொடங்கிய மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். யூதர் மையமான நரிமன் இல்லமும் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அச்சம் இரு நாட்டிற்கும் பொதுவாயிற்று. இந்தியா உருவாக்கிவந்த ரிசாட்-1 அப்போது நிறைவுறாமையின், இஸ்ரேலிய ரேடாரைத் தாங்கிய ரிசாட்-2 முந்திக்கொண்டு 2009 ஏப்ரல் 20இல் ஏவப்பட்டது.

இக்கோளின் பயன் ‘பேரிடர் மேலாண்மை’ என்றது அரசுத் தரப்பு; இதழ்களோ ‘உளவுக்கோள்’ என்றன. வெள்ளத்தைக் காணும் ரேடார் எல்லையையும் காணும்; ஆதலின் இரு பெயரும் பொய்யல்ல. ஆயினும் அரசின் சொல் ஒரு பயனை முன்னிறுத்தி மற்றொன்றை மறைத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

உள்நாட்டு ரேடாருடன் ரிசாட்-1 2012 ஏப்ரல் 26இல் ஏவப்பட்டதும் இந்தியாவின் குறை பெரிதும் நீங்கிற்று. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்த இவ்வுறவைக் ‘கூட்டுறவு’ எனலே பொருந்தும். ‘கூட்டணி’ என்பின், எந்த உடன்படிக்கையும் சுமத்தாத போர்க்கடமை ஒன்று உளதென மக்கள் கருத நேரும். மக்களாட்சியில் அப்பிழை சொல்லளவில் நின்றுவிடுவதில்லை.