செக்கு போனது, சனிக்கிழமை என்னவானது?

பிழைக்க வெளியூர் போகிறவன் முதலில் மாற்றிக்கொள்வது தொழிலைத்தான். சாப்பாடு, பேச்சு, பண்டிகை எல்லாம் அதன் பின்னால் ஒவ்வொன்றாக மாறும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற இந்தக் கணக்கை நமக்கு வெகுகாலம் முன்பே இதே மகாராஷ்டிரத்தில் ஒரு சின்னச் சமூகம் போட்டுப் பார்த்திருக்கிறது. அவர்கள் பெயர் பெனே இஸ்ரேல்.

கொங்கணக் கரையில் அலிபாக் வட்டாரத்து யூதர்கள் இவர்கள். கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் ஒதுங்கிய ஏழு தம்பதிகளின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பேசியது மராத்தி. பெயருக்குப் பின்னால் ஊர்ப்பெயர்: ரோஹேகர், பேண்கர், கெஹிம்கர். பலருக்கும் தொழில் நம்மூர் வாணியர் மாதிரி எண்ணெய் ஆட்டுவது. ஒரே வித்தியாசம், சனிக்கிழமை செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர்.

இதில் ஒரு வரவு செலவு இருக்கிறது பாருங்கள். செக்கு சொந்தம், வாடிக்கையும் பக்கத்திலேயே. ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் வரும்படி போகும், அவ்வளவுதான். யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.

18ஆம் நூற்றாண்டில் பம்பாய்க்குக் குடிபெயர ஆரம்பித்தார்கள். பலர் கம்பெனிப் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பவர், திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு உயிரோடு மீண்டதற்கு நன்றியாகப் பம்பாயில் 1796ல் ஒரு ஜெப ஆலயம் கட்டினார் என்று சொல்வார்கள். அடுத்த நூற்றாண்டில் மிஷன் பள்ளிகளில் படித்து ரயில்வே, தபால், சுங்கம் என்று குமாஸ்தா வேலைகளுக்குப் போனார்கள். மாதச் சம்பளம் வந்தது. ஆனால் சனிக்கிழமை ஆபீசுக்குச் சொந்தமாகிவிட்டது. பம்பாயில் பலர் அன்றும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

அப்படியானால் கரைந்து போயிருக்க வேண்டுமே? போகவில்லை. செக்கோடு ஒட்டிக்கொண்டிருந்ததை வீட்டுக்கும் புத்தகத்துக்கும் மாற்றினார்கள். பாஸ்கா இரவில் வாசிக்கும் ஹகதா என்ற நூலை எபிரேயமும் மராத்தியும் சேர்த்து 1874ல் அச்சிட்டார்கள். அச்சிட்ட ஊர் எது தெரியுமா? நம்ம புனேதான்! அதில் புடவை கட்டிய பெண்கள் புளிப்பில்லா ரொட்டி செய்யும் படம்கூட உண்டு. நல்ல காரியம் நடந்தால் அவலும் தேங்காயும் பழமும் வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைத்து 'மலிதா' படைப்பார்கள். புனே ராஸ்தா பேட்டையில் அவர்களுக்கு ஒரு ஜெப ஆலயமும் இருக்கிறது. 1937ல் பம்பாய்க்கு மேயரான டாக்டர் மோசஸ், கவிஞர் நிசிம் எசக்கியேல் எல்லாம் இந்தச் சமூகத்தவர்களே.

அமெரிக்காவின் ஆமிஷ் மக்களுக்கும் இதே சிக்கல். ஜனத்தொகை பெருகியது, நிலத்தின் விலை ஏறியது, எல்லாப் பிள்ளைகளுக்கும் விவசாயம் போதவில்லை. பென்சில்வேனியாவில் பலர் வீட்டை ஒட்டியே மரப்பட்டறை போட்டுக்கொண்டார்கள். வடக்கு இந்தியானாவில் நிறையப் பேர் கேரவன் வண்டி செய்யும் ஆலைகளுக்குப் போனார்கள். ஆலையில் காசு அதிகம், ஆனால் அப்பா பகலில் வீட்டில் இல்லை. சொந்தப் பட்டறை என்றால் நேரம் கையில் இருக்கிறது. ஏர் போனாலும், வீட்டில் பேசும் பழைய ஜெர்மன் பேச்சை அவர்கள் இன்னும் விடவில்லை.

பெனே இஸ்ரேல் கதையில் ஒரு வேதனையும் உண்டு. 1948 வாக்கில் இந்தியாவில் சுமார் 20,000 பேர் இருந்தார்கள். பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இங்கே இத்தனை காலம் யூதர்களாகவே வாழ்ந்தவர்கள். அங்கேயோ, கல்யாணப் பேச்சு வந்தபோது, இவர்கள் முழு யூதர்கள்தானா என்று மதகுருமார் சிலர் கேட்டார்கள்! போராட்டம் நடத்தி 1964ல்தான் நாடாளுமன்றத்தின் அங்கீகாரம் கிடைத்தது. அங்கே போனபிறகு அவர்கள் விடாமல் வைத்துக்கொண்டது எது தெரியுமா? மராத்தி. இஸ்ரேலிலிருந்து 'மாய்போலி' என்று மராத்திப் பத்திரிகையே நடத்தினார்கள்.

இப்போது நம்ம சாகணுக்கு வருவோம். வெங்காயச் சந்தைக்குப் பேர்போன ஊர். 2009ல் ஃபோக்ஸ்வாகன் ஆலை திறந்தது. சுற்றிலும் இன்னும் எத்தனையோ ஆலைகள். உள்ளூர் விவசாயி மகனும் கோவையிலிருந்து வந்த நம்ம பையனும் ஒரே ஷிப்டு பஸ்ஸில் போகிறார்கள். இருவருக்கும் நேரம் சொந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரலாம் என்றால் அன்றைக்குத்தான் அப்பாவுக்கு டியூட்டி.

வணிகவியல் படித்தவன் என்பதால் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. தொழில் நடப்புச் சொத்து, கைமாறத்தான் செய்யும். நிலைச்சொத்து எது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி எழுதி வைக்காவிட்டால் அதுவும் சேர்ந்து விற்றுப்போகும். பெனே இஸ்ரேல்காரர்கள் பட்டியல் பெரிசாக வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு தட்டு அவல், ஒரு புத்தகம், கூடிக் கும்பிட ஒரு இடம். ஷிப்டு எதுவானாலும் இந்த அளவு நமக்கும் கட்டுப்படியாகும்.