நெல்லி கெர்ஷா: மறுக்கப்பட்ட இழப்பீடும் பின்னர் திரண்ட சான்றுகளும்

நெல்லி கெர்ஷா (1891–1924) இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரை நூலாக நூற்கும் ஆலையில் வேலை செய்தவர். 1917 முதல் டர்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். மூச்சுத்திணறலும் இருமலும் முற்றவே, 1922இல் அவர் வேலைக்குத் தகுதியற்றவர் என மருத்துவர் சான்றளித்தார். கல்நார் நஞ்சே காரணம் என்றும் குறித்தார்.

இரண்டு மறுப்புகள்

பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர்க்கு நோய்க்காலக் காப்பீடு இருந்தது. நெல்லி அதைக் கேட்டார். இது தொழிலால் வந்த நோய், முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று காப்புச் சங்கம் கைவிரித்தது. நிறுவனமோ, அப்படி ஒரு நோயே இல்லை என்றது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை. நோயின் காரணத்தை எழுதிய சான்றிதழே ஓரிடத்தில் பணத்தைத் தடுத்தது. மற்றோரிடத்தில் மதிப்பற்றுப் போனது. எதுவும் பெறாமலே 1924 மார்ச் 14 அன்று அவர் இறந்தார்.

சான்றுகள்

மரண விசாரணைக்காக வில்லியம் எட்மண்ட் குக் என்ற மருத்துவர் நெல்லியின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பழைய காசநோயின் தடயங்கள் இருந்தன. எனவே, "காசநோயால்தான் இறந்தார்" என்று வாதிட இடமிருந்தது. ஆனால், தழும்பேறிய திசுக்களுக்குள் கூரிய முனைகளுடைய கனிமத் துகள்களையும் அவர் கண்டார். கல்நார் தூசு மாதிரிகளுடன் அவற்றை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என முடிவு செய்தார். இதை 1924இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1927இல் அந்நோய்க்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று பெயரிட்டார்.

ஒரு நுரையீரல் ஒருவரின் கதையை மட்டுமே சொல்லும். சட்டத்தை மாற்ற அது போதவில்லை. அரசின் மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் மெரிவெதர் 363 கல்நார்த் தொழிலாளரைப் பரிசோதித்தார். அவர்களில் 95 பேருக்கு நுரையீரல் தழும்பு நோய் இருந்தது. வேலை செய்த ஆண்டுகள் கூடக்கூட நோயுற்றோர் விகிதமும் கூடியது. தூசைக் கட்டுப்படுத்தும் வழிகளைப் பொறியியல் ஆய்வாளர் சார்லஸ் பிரைஸ் ஆராய்ந்தார். இருவரின் அறிக்கை 1930இல் வெளிவந்தது.

விளைவு

1931இல் கல்நார்த் தொழிலுக்கான தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் இயற்றப்பட்டன. இந்நோய்க்கு இழப்பீடும் வழங்க வழி பிறந்தது. எனினும், குறிப்பிட்ட சில வேலைப் பிரிவினருக்கு மட்டுமே அது பொருந்தியது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல்லியின் உடல்நலக்குறைவை யாரும் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் வேலைதான் என்பதே மறுக்கப்பட்டது. ஆகவே, வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சான்றுகளே பயன் தந்தன: பணிபுரிந்த காலம், உடலில் கிடைத்த தூசு, உடன் உழைத்தோரின் உடல்நிலை. அவற்றைத் திரட்டும் வசதி நோயாளியான ஒரு தொழிலாளிக்கு இருக்கவில்லை. ராச்டேல் இடுகாட்டில் அவருடைய புதைகுழிக்குப் பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை. நினைவுக்கல் 2006இல்தான் நாட்டப்பட்டது.